படத்தின் மூலையில் ஒரு பெயர் இருக்கும்

வாட்ஸ்அப்பில் நமக்கு வந்து சேரும் அழகான கோட்டோவியங்கள் பெரும்பாலும் பெயரில்லாமல்தான் வருகின்றன. யாரோ ஓரத்தை வெட்டி, யாரோ மேலே ‘இனிய காலை வணக்கம்’ எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் எனக்கு இது தீராத ஆதங்கம். வரைந்தவர் பெயர் தெரிந்தால், அவர் இருபது வருடமாக வரைந்த அத்தனையையும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். பெயர் தெரியாவிட்டால் அந்த ஒரு படத்தோடு சரி.

மாலையில் என் வீட்டுக்கு ஓவியம் கற்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருநாள் போனை நீட்டினான். “சார், இவரு பென்சிலே எடுக்கல சார். ரப்பரும் இல்ல. நேரா பேனாவுலயே போடுறாரு!”

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தென்கொரியாவின் கிம் ஜங் கி. 2011-ல் புச்சியோன் நகரத்தில் நடந்த காமிக்ஸ் திருவிழாவில் சுவர் முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டி, கூட்டத்துக்கு நடுவே நின்று வரைந்தார். அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றினார்கள். உலகமே அவரைத் தேடி வந்தது. முன்மாதிரிப் படம் கிடையாது, பென்சில் கோடு கிடையாது. பிரஷ் பேனா தாளைத் தொட்ட இடத்திலிருந்து மனிதர்கள், மோட்டார் சைக்கிள்கள், விலங்குகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

அவருடைய வீடியோக்களைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். கை அவசரப்படுவதே இல்லை. ஒரு முழங்கையை வரையும்போதே, அதற்குப் பின்னால் வரப்போகும் ஆளுக்கு இடம் விட்டுவைக்கிறார். முழுப்படமும் தலைக்குள் ஏற்கெனவே நிற்கிறது. ராணுவத்தில் இருந்த நாட்களில் வண்டிகளையும் ஆயுதங்களையும் உற்று உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டவர் அவர். எப்போதும் கையில் ஸ்கெட்ச் புத்தகம் இருக்கும்.

பையனிடம் போனை மூடி வைத்துவிட்டு ஒரு டிவிஎஸ் 50-ஐ ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னேன். சக்கரம், சீட், ஹேண்டில்பார் எல்லாம் வந்தன. சைலன்சர் எந்தப் பக்கம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய், அங்கே நின்ற வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தான். ஒரு நல்ல ஓவியரை இணையத்தில் கண்டதன் பலன் அதுதான் என்பேன். திரையைப் பார்த்த கண் வாசலைப் பார்க்க வேண்டும்.

கிம்மைப் பார்த்து மலைத்துப்போகிறவர்களுக்கு நான் காட்டுவது ஜெர்மானியரான கிறிஸ்டோஃப் நீமனை. மேசையில் கிடக்கும் ஏதாவது ஒரு பொருளைத் தாளில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி நாலு கோடு போடுவார். இரண்டு வாழைப்பழம் குதிரையின் பின்னங்கால்களாகும். கசகசா தூவிய பன் ஒருவரின் சவரம் செய்யாத முகவாயாகும். குழந்தைகள் பார்த்தவுடன் அடுக்களைக்கு ஓடுவார்கள்.

நம் நாட்டுக்காரரைப் பார்க்க வேண்டுமானால் ராஜீவ் ஐப். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் அவர் படம் வரைந்த சிறுவர் புத்தகங்களைக் காசில்லாமல் படிக்கலாம். அம்மாச்சியும் பேரனும் தேங்காய் பர்ஃபி செய்யும் கதையில் நெம்புகோலும் கப்பியும் சமையலோடு சமையலாக வந்துபோகும். எனக்குப் பிடித்தது அந்தப் பாட்டியின் உடல்மொழி. அந்தத் தளத்தில் தமிழ்ப் புத்தகங்களும் ஏராளம். முதல் பக்கங்களிலோ கடைசியிலோ படம் வரைந்தவர் பெயரைக் கட்டாயம் போட்டிருப்பார்கள்.

பெயரில்லாத படம் வந்தால், முதலில் கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், கையெழுத்து இருக்கலாம். இல்லையென்றால் கூகுள் லென்ஸில் போடுங்கள். பெயர் கிடைத்ததும் அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போய், அவர் யாரையெல்லாம் பின்தொடர்கிறார் என்று பாருங்கள். ஓவியர்கள் நல்ல ஓவியர்களைத்தான் பின்தொடர்கிறார்கள். ஆப் தானாகக் கொண்டுவந்து கொட்டுவதைவிட இந்த வழி எவ்வளவோ மேல்.

2022 அக்டோபர் 3 அன்று பாரிசில் கிம் ஜங் கி மாரடைப்பால் இறந்தார். வயது 47. சில நாட்களுக்குள்ளேயே அவருடைய படங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குத் தீனியாகப் போட்டு, அவர் பாணியில் படம் தரும் மென்பொருள் ஒன்றை ஒருவர் இணையத்தில் வெளியிட்டார். ஓவியர்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பார்வை அது. அவர் குடும்பத்திடம்கூட யாரும் கேட்கவில்லை.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஒரு நல்ல ஓவியத்தைக் குடும்பக் குழுவில் அனுப்பும்போது, வரைந்தவர் யாரென்று தேடிக் கண்டுபிடித்து, அவர் பெயரையும் கீழே எழுதி அனுப்புங்கள்.