தேடுவோர்க்குக் கிட்டும் அறிவு

வீடென்று ஒன்றிருந்தால் பழுதும் உண்டு. பழுது நீக்கும் வழிகளைப் பலரும் கூடி எழுதித் திருத்தும் ‘விக்கி’ என்னும் இணையத் தொகுப்புமுறையை 1995-ஆம் ஆண்டு வார்டு கன்னிங்காம் தொடங்கி வைத்தார். கட்டுரைகள் பெருகப் பெருகத் தேடுவோரின் திகைப்பும் பெருகுதல் இயல்பே. இதற்குத் தீர்வு யாது?

சீர்காழி ஈன்ற நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பதாகும். 1933-இல் வெளிவந்த அவர்தம் கோலன் பகுப்புமுறை, ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பிரித்து நோக்கக் கற்பித்தது.

அவ்வழியே, குளியலறைக் குழாய்க் கசிவு பற்றிய கட்டுரையை இடத்தால் ‘குளியலறை’, பொருளால் ‘குழாய்’, பழுதால் ‘கசிவு’ என மூவகையிலும் சேர்க்கலாம். அச்சு நூலுக்கு அடுக்கில் ஓரிடமே. விக்கிக் கட்டுரைக்கோ பல வாயில்கள். ‘ஒழுகல்’ என்று தேடுவோரையும் ‘கசிவு’ப் பக்கத்திற்கே ஆற்றுப்படுத்தும் வழிமாற்றும் இன்றியமையாதது. தலைப்புகள் கொத்தனார் வழக்கில் மட்டுமன்றி, இல்லத்தார் வழக்கிலும் அமைதல் நலம்.

மழையிரவில் கூரை ஒழுகக் கலங்கி நிற்பவருக்குக் கிட்டாத கட்டுரை எழுதப்படாத கட்டுரையே. ஆதலின், எழுதுதலோடு அடுக்குதலையும் அறிவுத்தொண்டெனவே நாம் கொள்வோமாக!