இரவில் எந்த விளக்கு எரிகிறது?

“டீச்சர், எல்.இ.டி. லைட்டு கண்ணைக் கெடுத்துடுமாமே, உண்மையா?”

லாபு தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இப்படிக் கேட்டான். அவன் வீட்டில் படிப்பும் ஹாலில்தான், படுக்கையும் ஹாலில்தான். எஸ்.பி.எம். தேர்வு நெருங்குவதால் இரவு ஒரு மணி வரை விளக்கு எரிகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். “நாங்க மண்ணெண்ணெய் விளக்குல படிச்சோம், ஒன்னும் ஆகலையே” என்கிறாராம் பாட்டி.

பாட்டி மன்னிக்க வேண்டும். வீட்டு விளக்குகளில் உடம்புக்கு மிகக் கெட்டது அதுதான். அதன் புகையில் உள்ள நுண்ணிய கரித்துகள் மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகும். விளக்கு சாய்ந்தால் தீ. பிறகு வந்த குண்டு பல்பு உண்ட மின்சாரத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைத்தான் வெளிச்சமாகத் தந்தது, மற்றதெல்லாம் வெப்பம். கை சுடும் என்பதைத் தவிர அதனால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை.

அடுத்து வந்த சுருள் பல்பு உங்கள் வீட்டில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம். அதற்குள் பாதரச ஆவி உண்டு. மின்சாரம் பாயும்போது அந்த ஆவி புற ஊதாக் கதிரை வெளியிடும். கண்ணாடியின் உட்பூச்சு அதை வெள்ளொளியாக மாற்றும். கொஞ்சம் கதிர் கசியக்கூடும் என்பதால், மேலுறை இல்லாத சுருள் பல்பை 30 சென்டிமீட்டருக்கும் நெருக்கமாக வைத்துக்கொண்டு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு 2008-இல் அறிவுறுத்தியது. மேசை விளக்கில் இதைப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். கூரையில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பல்பு உடைந்தால்தான் கவனம் தேவை. அதில் இருப்பது பொதுவாக 5 மில்லிகிராமுக்கும் குறைவான பாதரசம்தான். பழைய கண்ணாடி வெப்பமானியில் இருந்ததில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் அதைச் சுவாசிக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. சன்னலைத் திறந்துவிட்டு, தம்பி தங்கைகளோடு பத்து நிமிடம் வெளியே போய்விடுங்கள். துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூள் அறை முழுக்கப் பரவும். கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டும் நாடாவால் ஒற்றியெடுத்து, ஈரத்தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் போடுங்கள். வீட்டுக்குப் பின்னால் குப்பையோடு சேர்த்து எரிப்பதுதான் படுமோசம். பாதரசம் எரிந்து அழியாது, ஆவியாகி நம் மூக்குக்கே திரும்பி வரும். ஜப்பானின் மினமாட்டா ஊரில் பாதரசம் கலந்த மீனைத் தின்று மக்கள் பட்ட பாடு 1956-இல் வெளியே தெரிந்தது. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய உலக ஒப்பந்தம்தான் இப்போது இந்த பல்புகளுக்கு விடைகொடுத்துக்கொண்டிருக்கிறது.

எல்.இ.டி.யில் பாதரசம் கிடையாது. அதில் பேச்சுக்கு உள்ளாவது நீல ஒளி. வெள்ளை எல்.இ.டி.யின் உள்ளே இருப்பது உண்மையில் நீல விளக்குத்தான். மேலே பூசிய மஞ்சள் பாஸ்பரோடு கலந்து அது வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணமாக வீட்டில் பயன்படுத்தும்போது இந்த விளக்குகள் ஆரோக்கியமானவர்களுக்கு நேரடியாகக் கெடுதல் செய்வதாகச் சான்று இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 2018-இல் கூறியது. ஆகவே, மாணவனின் கேள்விக்குப் பதில்: கூரையில் எரியும் எல்.இ.டி. கண்ணைக் கெடுக்காது.

அப்படியானால் அவன் கண் ஏன் எரிகிறது? தூக்கம் போதவில்லை. அதில்தான் விளக்குக்கும் பங்கு உண்டு.

நம் விழித்திரையில் பார்ப்பதற்கான செல்கள் மட்டும் இல்லை. இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் தனிச் செல்களும் இருக்கின்றன. 2002-இல் டேவிட் பெர்சன் குழுவினர் அவை தாமாகவே ஒளியை உணர்வதைக் காட்டினர். அவற்றை அதிகம் தூண்டுவது 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி. அது விழும்வரை மூளை ‘இன்னும் பகல்தான்’ என்று எண்ணி, உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடும். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. அந்த ஹாலிலோ ஒரு மணி வரை மறைவதில்லை!

இன்று வீட்டு பல்புப் பெட்டியைப் பாருங்கள். 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் அதிகம். 2700 அல்லது 3000 என்றிருந்தால் குறைவு, மஞ்சளாகத் தெரியும். (6500-க்குப் பக்கத்தில் ‘கூல்’ என்று அச்சிட்டிருப்பார்கள். கெல்வின் அளவில் அதுதான் அதிகச் சூடு! நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அது.)

பல்பு சிமிட்டுகிறதா என்றும் பார்க்கலாம். கைப்பேசிக் கேமராவை அதன் அருகே பிடித்துத் திரையைக் கவனியுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அது அணைந்து எரிகிறது. 1989-இல் இங்கிலாந்தில் ஓர் அலுவலகத்தின் டியூப் லைட்டுகளில் இந்தச் சிமிட்டலை நீக்கியபோது தலைவலியும் கண் சோர்வும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

எங்கள் மாணவன் ஒன்பதரை மணி வரை பழைய வெள்ளை விளக்கிலும், அதன் பிறகு சிறிய மஞ்சள் மேசை விளக்கிலும் படித்து, பதினொன்றுக்குப் படுப்பதாக ஒப்புக்கொண்டான். கைப்பேசி பாட்டியிடம் போய்விடும். 3000 கெல்வின் பல்பு வாங்கக் கடைக்குப் போனானாம்.

“மஞ்சளா? சாமி மேடைக்கா தம்பி?” என்று கேட்டாராம் கடைக்காரர்.