முன்கோபத்துக்கு ஒரு முன்னேற்பாடு

'கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று சொல்லிச் சொல்லியே, கை நீட்டுகிறவரைப் பல வீடுகளில் காப்பாற்றி வந்திருக்கிறோம். தட்டை வீசியெறிந்த அப்பா ஒரு மணி நேரம் கழித்துத் தின்பண்டப் பொட்டலத்தோடு வந்தால், 'மனசு தங்கம்' என்கிறோம். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை எப்படி நடுங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

அவரும் வருந்துகிறார்தான். 'இனிமேல் கோபப்படவே மாட்டேன்' என்று சத்தியமும் செய்கிறார். ஆனால் கோபம் ஏறும் நேரத்தில் என்ன செய்வது என்று அந்தச் சத்தியம் எதையும் சொல்லித் தருவதில்லை. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பவர்கள், வெறுமனே உறுதி எடுப்பவர்களைவிட அதிகம் சாதிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதினார். கோபத்துக்கும் இது பொருந்தும். உதாரணமாக: 'கடன் பேச்சு வந்து முகம் சூடேறினால், அரை மணி நேரத்தில் வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை நடப்பேன்.'

இதில் திரும்பி வருவதுதான் முக்கியம். சொன்ன நேரத்துக்கு வந்து, விட்ட பேச்சைத் தொடர வேண்டும். வராமல் போனால் வெளிநடப்பும் வீட்டாருக்கு ஒரு தண்டனைதான். பைக்கை எடுக்க வேண்டாம், டாஸ்மாக் பக்கம் போக வேண்டாம். நண்பரிடம் கொட்டித் தீர்த்தால் ஆறும் என்பதும் நம்பக்கூடியதல்ல. 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான அமெரிக்க அலசலில், ஆத்திரத்தைக் கொட்டுவதால் கோபம் குறைந்ததாகத் தெரியவில்லை. மூச்சுப் பயிற்சி, தியானம் போல உடலின் படபடப்பைத் தணிப்பவையே குறைத்தன.

திட்டத்தை அமைதியான நாளில் மனைவியிடம் சொல்லி வையுங்கள். வெளியே போகும்போது பின்தொடர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். 'நீ ஏன் ஞாபகப்படுத்தவில்லை?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் காவல் அவர் வேலை இல்லை. ஒருநாள் தவறினால் அன்றிரவே எழுதிப் பாருங்கள்: பசியா, தூக்கமில்லையா, குடித்திருந்தேனா? குடிதான் என்றால் முதலில் குடிக்கே வைத்தியம் தேவை.

கோபம் கோபக்காரரையும் விடுவதில்லை. கடும் கோபத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் இரு மடங்குக்கும் மேல் உயர்வதாக 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

பொருள்களை உடைப்பதும் கை நீட்டுவதும் தொடர்ந்தால் சொந்தத் திட்டம் மட்டும் போதாது. மனச்சோர்வு உள்ளே இருந்து எரிச்சலாக வெளிப்படவும் கூடும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மனநல சிகிச்சை பெறுவதும், அதன் விவரம் ரகசியமாகக் காக்கப்படுவதும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்த உரிமைகள்.

அடி வாங்குபவருக்கும் உரிமைகள் உண்டு. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, அடிப்பது மட்டுமல்ல, மிரட்டுவதும் கேவலப்படுத்துவதும் வன்முறைதான். மனைவி மட்டுமின்றி, ஒரே வீட்டில் வாழும் தாயும் சகோதரியும்கூட இதன் கீழ் முறையிடலாம். பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ நேரடியாகவோ நீதித்துறை நடுவரை அணுகி, பாதுகாப்பு உத்தரவும் அதே வீட்டில் குடியிருக்கும் உத்தரவும் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. அவசரத்துக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

ஆலோசனைக்குப் போகும்படி கணவருக்கு நடுவரே உத்தரவிடவும் முடியும். அவர் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறார் என்பதற்காக மனைவி முறையிடாமல் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.