தட்டில் சோறு, சுவரில் படம்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் திருப்பூரில் சில பிரிண்டிங் பட்டறைகளுக்குத் தனி வேலை வந்துவிடும். கட்சி டி-ஷர்ட்! நீள மேசையில் வெள்ளைப் பனியன் துணியை விரித்து, மேலே ஸ்கிரீன் சட்டத்தை வைத்து, ரப்பர் கட்டையால் மையை ஒரே இழுப்பு இழுத்தால் தலைவர் முகம் பதிந்துவிடும். அந்த ஆர்டர் முடிந்ததும் அதே மேசையில் வேறு கட்சியின் முகம். துணியில் இது தொழில். ஒரு தலைவர் செய்த நல்ல காரியத்தின் மேலும் இப்படி முகத்தைப் பதித்தால் என்ன நடக்கும்? நமக்குத் தெரிந்த அம்மா உணவகத்தையே எடுத்துக்கொள்வோம்.

2013 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அதைச் சென்னையில் தொடங்கிவைத்தார். இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அதே ஆண்டில் திருப்பூர் உள்ளிட்ட மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்தது. வெளியூரிலிருந்து வந்து, ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கி, ஷிப்டுக்கு ஓடுகிற பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அந்த விலையின் அருமை தெரியும். ஐந்து இட்லி ஐந்து ரூபாய் என்றால் மாசக் கடைசியிலும் காலைப் பசியோடு மெஷினில் உட்கார வேண்டியதில்லை.

ஆனால் 'அம்மா' என்ற பெயரும் ஜெயலலிதாவுடையது, சுவரில் படமும் அவருடையது. அதனால் ஒவ்வொரு தேர்தலிலும் உணவகம் ஒரு பிரச்சார மேடையாகிவிட்டது. தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் படத்தை மூட வேண்டியிருந்தது. 2021 மே 2-இல் தேர்தல் முடிவு வந்தது, திமுக வென்றது. இரண்டே நாளில் சென்னை முகப்பேரில் திமுகவினர் இருவர் அம்மா உணவகத்துக்குள் புகுந்து பெயர்ப் பலகையைப் பிடுங்கினார்கள். அந்த இருவரையும் கட்சியிலிருந்து நீக்கச் சொன்னார் திமுக தலைவர் மு.க.ஸ்டாலின், போலீஸ் வழக்குப் பதிந்தது, பலகை திரும்ப ஏறியது. இட்லியின் மேல் யாருக்கும் கோபமில்லை. படத்தின் மேல் வந்த கோபம் அடுப்படி வரை போனது, அவ்வளவுதான்.

பிரச்சாரம் செய்கிற வேலை இதுதான்: கேள்வியையே மாற்றிவிடுகிறது. "பசித்தவன் சாப்பிட்டானா?" என்ற கேள்வி "நீ யார் கட்சி?" என்று ஆகிவிடுகிறது. ஆதரவாளர்கள் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்குக்குப் பதிலாகச் சோற்றைக் காட்டினார்கள். எதிரணியினர் அந்த வழக்கைக் காட்டிச் சோற்றையே வெறும் ஓட்டு வேட்டை என்றார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் தவறு. அந்த வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு கணக்கு, தட்டில் விழுந்த சோறு வேறு கணக்கு. ஒன்றால் மற்றொன்றைக் கழிக்கக் கூடாது. அதோடு, உணவகத்துக்குச் செலவானது அரசுப் பணம், யாருடைய கைக்காசும் அல்ல. நடிகராக இருந்தபோது எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்தது ஈகை. கஜானாவிலிருந்து கொடுப்பது நிர்வாகம். இரண்டையும் "வள்ளல்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவதால்தான் எதிரிக்கு அடிக்க இடம் கிடைக்கிறது.

காமராஜருக்கு நடந்தது இதைவிட வேதனை. முதல்வராக இருந்தபோது, 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தவர். அரசுப் பணத்தோடு ஊர்மக்களும் அரிசியும் காசும் போட்டு நடத்திய திட்டம் அது. 1967 தேர்தலில் அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற திமுகவின் வாக்குறுதியும் சேர்ந்தபோது, பள்ளிக்கூடத்தில் போட்ட சோறு யார் கண்ணுக்கும் படவில்லை. விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார். 1975-இல் வாடகை வீட்டில்தான் இறந்தார். பிறகு 2006-இல், அவரைத் தோற்கடித்த அதே திமுகவின் ஆட்சிதான் அவர் பிறந்த ஜூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாளாக அறிவித்தது. போட்டி ஓய்ந்த பிறகுதான் வேலை தெரிந்தது.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. முன்னாள் அதிபர் பில் கிளிண்டனின் அறக்கட்டளை 2003-இல் சிப்லா போன்ற கம்பெனிகளோடு பேசி எய்ட்ஸ் மருந்தின் விலையைக் குறைக்க வைத்தது. 2016-இல் அவர் மனைவி ஹிலாரி அதிபர் தேர்தலில் நின்றதும், அறக்கட்டளைக்கு வெளிநாட்டு அரசுகள் கொடுத்த நன்கொடைதான் பேச்சானது. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மருந்து வாங்கிய நோயாளி மட்டும் பேச்சிலிருந்து காணாமல் போனார்.

ஆகவே மேடையில் ஒருவரை வள்ளல் என்றோ திருடர் என்றோ சொன்னால், உடனே கை தட்டாதீர்கள். காசு யாருடையது, கணக்கு எங்கே, சாப்பிட்டவர் யார் என்று கேளுங்கள். ஆளுங்கட்சியாக இருந்தாலும் எதிர்க்கட்சியாக இருந்தாலும் இதையே கேளுங்கள்.

படத்தைப் பொருட்படுத்தாமலும் நடக்க முடியும். 2021-இல் ஆட்சி மாறியபோது, ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படங்களோடு சுமார் 65 லட்சம் பள்ளிப் பைகள் தயாராக இருந்தன. படத்தை மாற்ற வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றார் புதிய முதல்வர் ஸ்டாலின். பைகள் பிள்ளைகளின் தோளுக்குப் போயின. 13 கோடி ரூபாய் மிச்சமானது.