அசைவைச் சொல்லும் ஒலிகள்

நுழையும்முன்

பாம்பு எவ்வாறு ஊர்கிறது என்று ஒரு குழந்தையிடம் கேட்டால், 'சரசரவென்று' என உடனே விடை வரும். அச்சொல்லின் பொருள் என்ன என்று நம்மைக் கேட்டால், சொல் வாராமல் கையை அசைத்துக் காட்டுவோம். விளக்கிச் சொல்ல இயலாத சொல், காட்சியை இத்துணைத் தெளிவாக உணர்த்துவது எங்ஙனம்?

இசையும் குறிப்பும்

இரட்டித்தே வந்து, பிரித்தால் பொருள் தராத சொல்லை இரட்டைக்கிளவி என்பர். தொல்காப்பியர் இதனைக் கிளவியாக்கத்தில் கூறுகிறார். 'என' என்னும் இடைச்சொல் வரும் ஆறு நிலைகளை இடையியலில் சுட்டும்போது, இசையையும் குறிப்பையும் தனித்தனியே வைக்கிறார். 'வண்டி கடகடவென ஓடியது' என்னும்போது ஒலி செவியில் விழுகிறது, இஃது இசை. 'கை வெடவெடவென நடுங்கியது' என்பதில் ஒலியே இல்லை. அசைவு மட்டுமே உள்ளது. இது குறிப்பு. குழந்தை 'தத்தித் தத்தி' நடப்பது இரட்டைக்கிளவி அன்று. 'தத்தி' தனித்தும் பொருள் தருவதால் அஃது அடுக்குத்தொடர்.

கரிசலின் கால்கள்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல், வானம் பார்த்த பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் களியாகிக் காலைப் பற்றும். பொட்டுப் பொட்டென விழுந்த தூறல் சடசடவென வலுத்தால், களத்தில் காயும் மிளகாய் வற்றலை அள்ளச் சிறுவர் குடுகுடுவென ஓடுவர். பெரியோர் விறுவிறுவென நடப்பர். கைகள் மளமளவென அள்ளும். மழை விட்டபின் அதே கால்கள் பொதக் பொதக்கென்று சேற்றில் அழுந்தி எழும்.

இங்கே 'விரைவாக' என்னும் ஒரே சொல்லை இட்டுப் பாருங்கள். குடுகுடுவில் உள்ள குற்றடிகளும், விறுவிறுவில் உள்ள இடையறாத நடையும், மளமளவில் உள்ள தடையற்ற வேலையும் மறைந்துவிடும். வேகம் எஞ்சும்; ஆள் மறைந்துபோவார்.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இம்மண்ணின் பேச்சை எழுத்தில் ஏற்றினார். வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதியும் உருவாக்கினார். அவருடைய 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

உலக மொழிகளில்

ஜப்பானிய மொழியிலும் இத்தகு சொற்கள் மிகுதி. தளர்நடைக் குழந்தையின் நடை அங்கே 'யொச்சியொச்சி'. மந்தமான அசைவு 'நொரொநொரொ'. அவர்களும் ஒலியைப் போலச் செய்யும் சொற்களையும் நிலையைக் காட்டும் சொற்களையும் வேறுபடுத்துகின்றனர். திராவிட மொழிகளும் இந்தோ ஆரிய மொழிகளும் ஒலிக்குறிப்புச் சொற்களில் ஒத்திருப்பதை மொழியியலறிஞர் எம்.பி. எமனோ 1969இல் ஆராய்ந்து எழுதினார்.

காக்கும் கடமை

இச்சொற்கள் தொழிலோடு வாழ்பவை. அச்சு தேய்ந்த மாட்டுவண்டியைக் காணாத தலைமுறைக்கு 'லொடலொட' வெறும் ஓசையே. பேச்சுக்குரியவை என்று கருதிக் கட்டுரைகளில் இவற்றை நாம் விலக்குகிறோம். எழுதப்படாத சொல், சொல்வாரோடு மறையும். உங்கள் பாட்டி இன்று சொல்லும் ஒரு சொல்லுக்கு நீங்களே கடைசிச் செவியாக இருக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு முதியோரிடம் நடை, ஓட்டம், நடுக்கம், வீழ்ச்சி ஆகியவற்றைக் குறிக்கும் பத்துச் சொற்களைக் கேட்டு, அவர் கூறிய தொடரோடு எழுதுக.
2. அவற்றை இசை, குறிப்பு எனப் பகுத்து, வகுப்பில் காரணம் கூறுக.