தரையும் சுவரும் கூடுமிடத்தில் ஓதத் தடுப்பு

கங்கைச் சமவெளியில் உள்ள பழைய செங்கற் கட்டடங்கள் பலவற்றில் சுவரடியில் வெள்ளை உப்புப் பூத்திருப்பதையும், பூச்சு பொரிந்து உதிர்வதையும் காணலாம். பள்ளிக்கூடமாயின் அச்சுவரோரம் வைத்த புத்தகங்களில் பூசணம் பிடிக்கிறது. கிடங்காயின் தானிய மூட்டைகள் கெடுகின்றன. இதற்குப் பரிகாரமாகப் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு, பாலிதீன் தாள் விரித்து, அதன்மேல் புதிய காங்கிரீட் தரை அமைக்கின்றனர். தரை உலர்ந்துவிடுகிறது, ஆனால் சுவரடியில் ஓதம் முன்னிலும் மிகுவதுண்டு. தாளைச் சுவரின் தடுப்போடு இணைக்காமல் சுவரோரத்திலேயே வெட்டி விட்டதே இதற்குக் காரணமாகும்.

ஓதம் மேலேறுவது நுண்புழைக் கவர்ச்சியால் நிகழ்வது. 1 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் ஏறத்தாழ 3 செ.மீ. ஏறும், விட்டம் 0.1 மி.மீ. ஆயின் 30 செ.மீ. ஏறும். செங்கல்லிலும் காரையிலும் இதனினும் நுண்ணிய துளைகள் உண்டு. மை கலந்த நீருள்ள தட்டில் உலர்ந்த செங்கல் ஒன்றை நிறுத்தி, ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். ஏறிய நீர் ஆவியானபின், அது மண்ணிலிருந்து கொணர்ந்த உப்பு சுவரிலேயே தங்கிப் படிகமாகிப் பூச்சைப் பெயர்க்கிறது. மண் தரையின் வழியே ஆவியாகி வந்த ஈரம், அவ்வழி அடைபட்டதும், எஞ்சிய வழியாகிய சுவரை நாடுகிறது.

ஆதலின் முதலில் சுவரின் அடியில் பூச்சை நீக்கி, பழைய தடுப்பு அடுக்கு இருக்கும் மட்டத்தைக் கண்டறிய வேண்டும். அது நம் நாட்டில் பெரும்பாலும் ஏறத்தாழ 4 செ.மீ. கனமுள்ள காங்கிரீட்டாகவும், அதன்மேல் பூசிய பிற்றுமனாகவும் இருக்கும். அதன் உட்புற விளிம்பு நன்கு தெரியுமாறு துலக்கி உலரவிட வேண்டும். அடுக்கே இல்லையெனில், சுவருக்குத் தனியே சிகிச்சை செய்தல் அவசியம்.

தரைக்கான நிரப்பு மண்ணைத் திமிசினால் இறுக்கி, கூரிய கற்கள் தாளைக் கிழிக்காதபடி மேலே மணல் பரப்ப வேண்டும். 250 மைக்ரான் தாள் ஏற்றது. தாளோடு தாள் சேருமிடத்தில் 15 செ.மீ. மேற்படிய விட்டு ஒட்டவேண்டும்.

புதிய தாளின் மட்டம் சுவரின் அடுக்கைவிடத் தாழ்ந்திருந்தால், இடைப்பட்ட சுவர்ப்பகுதியைச் சிமெண்டுக் காரையால் சமப்படுத்தி, தாளைச் சுவரோடு மேலே மடித்து உயர்த்த வேண்டும். அது அடுக்கின் விளிம்பு முழுவதையும் மூடும்படி பிற்றுமன் பசையால் ஒட்டப்பட வேண்டும். அதன்மேல் பூசும் காரை தாளைக் காயத்தினின்றும் காக்கும்.

தாளின் மட்டம் உயர்ந்திருந்தால் ஆபத்து அதிகம். நிரப்பு மண் அடுக்குக்கு மேலுள்ள உலர்ந்த சுவரைத் தொட்டு, ஓதத்துக்குப் பாலம் அமைத்துவிடும். எனவே மண் நிரப்புமுன்பே, அடுக்கிலிருந்து தாளின் மட்டம் வரை சுவரின் உட்புறத்தில் நிலைக்குத்தான தடுப்பு ஒன்றை ஒட்டி, அதனைக் கீழே அடுக்கோடும் மேலே தாளோடும் இணைக்க வேண்டும்.

அறையின் மூலைகளையும் வாயிற்படிகளையும் மேற்பார்வையாளர் தாமே பார்வையிடுதல் நலம். தாள் கிழிவதும், மடிப்பு விரிவதும் அங்கேதான். வெளிப்புறத்திலும் தரைமட்டம் அடுக்குக்கு 15 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரோரம் குவிந்த மண்ணும் பூம்பாத்தியும் உள்ளே செய்த வேலையை வீணாக்கும்.

உப்பேறிய பூச்சின்மேல் எண்ணெய் வர்ணம் தீட்டுவது பயன் தராது. ஆவியாக வழியின்றி ஈரம் இன்னும் மேலே ஏறும். காங்கிரீட் கொட்டியபின் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனைச் சரிபார்க்க வேண்டிய வேளை, கொட்டுவதற்கு முந்திய வேளையேயாகும்.