நீந்திக் கடந்த ஆறு

இற்றைக்கு 25 ஆண்டுகளின் முன் மாணாக்கன் ஒருவனுக்கு யான் இழைத்த தவறொன்று இப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. மொழிபெயர்ப்புத் தாளில் வந்த ஆங்கில வாக்கியத்தில் 'சுவிம்' என்னும் வினையும் 'அக்குறொஸ்' என்னும் சிறுசொல்லும் இருந்தன. அவன் 'ஆற்றை நீந்திக் கடந்தான்' என எழுதினான். மூலத்திற் 'கடத்தல்' என்னும் வினை எங்கே உளது என்று கேட்டுச் செங்கோடிட்டேன். தமிழ்ப் பரிசிலை அவன் இரண்டு புள்ளிகளால் இழந்தான்.

அண்மையில் இத்தாலிய இலக்கணம் ஒன்றைப் பயிலப் புகுந்தேன். அதே கருத்தை அம்மொழியார் 'அத்திரவெர்சோ இல் ஃபியூமே ஆ நுவோத்தோ' என்பர். 'கடந்தான் ஆற்றை, நீந்தி' என்பது அச்சொற்களின் முறை. ஆங்கிலம் செல்லும் வகையை வினையிலும், செல்லும் திசையைச் சிறுசொல்லிலும் வைக்கும். இத்தாலியமோ திசையையே வினையாக்கி, வகையைப் பின்னே தொடரவிடும். புகுதல், ஏறுதல், இறங்குதல் யாவும் அங்குத் தனிவினைகள். நம் தமிழிலும் அவ்வாறே. வகையை உரைக்க நமக்கு வினையெச்சம் உண்டு.

'கிவ் அப்' என்பது இன்னும் இடர் தருவது. புகைத்தலை விடுதற்கு 'ஸ்மெத்தெரே', உரிமையைத் துறத்தற்கு 'ரினுன்ச்சாரே', பகைவரிடம் சரணடைதற்கு 'அர்ரெந்தெர்சி' என இத்தாலியர் வெவ்வேறு வினைகளை ஆள்வர். 'மேல்' என்னும் பொருள் இவற்றுள் ஒன்றிலும் இல்லை. ஆயினும் 'அகன்று போதல்' எனப் பொருள்படும் 'அந்தாரே வீயா' போன்ற கூட்டுகள் அம்மொழியிலும் உள. விதியை மிக இறுக்கிப் பிடித்தல் கூடாது. யான் அன்று செய்தது அதுவே.

அம்மாணாக்கனுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். விலாசம் தெரியாமையால் அது என் மேசையிற் கிடக்கின்றது.